யோசப் ரோத்: அரசனுக்காக அழுதவரை நாங்கள் ஏன் படிக்கவேண்டும்?

கேள்வி (பெப்ரவரி 9, பகல்)

யோசப் ரோத்தின் ராடெட்ஸ்கி மார்ச் நாவலை ஆங்கிலத்தில் வாசித்து முடித்தேன். எழுத்து அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் முழுப் புத்தகமும் ஒரு கிழட்டுச் சக்கரவர்த்திக்கு வைத்த ஒப்பாரி மாதிரி இருக்கு. எழுதியவர் கடைசிக் காலத்தில், ஒஸ்திரியாவை ஆண்ட ஹப்ஸ்பர்க் முடியாட்சி திரும்பி வரவேணும் என்று ஓடித் திரிந்தவராம். குடித்தே செத்தவராம். ஒரு சாம்ராஜ்யத்தின் கீழ் இருந்து வந்த எங்களுக்கு இவரிடம் என்ன இருக்கு? வாசித்த அண்ணைமார் யாராவது விளங்கப்படுத்துங்கோ.

பெப்ரவரி 9, இரவு

ஒப்பாரி என்றது சரி, தம்பி. யாருக்கான ஒப்பாரி என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு.

முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய்ப் பாரும். 1859, சொல்பெரினோ போர்க்களம். இளம் சக்கரவர்த்தி பிரான்ஸ் யோசப் முன்னரங்கிலே நின்று தூரக்கண்ணாடியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகிறார். பெரிய ஆள் ஒருவர் நிற்கிறார் என்று எதிரிக்குக் காட்டிக்கொடுக்க அது ஒன்றே காணும். திரொத்தா என்ற காலாட்படை லெப்டினன்ட் அவருடைய தோளைப் பிடித்து நிலத்தில் அமுக்குகிறான். அவருக்கு வந்த குண்டு இவன் தோளைத் துளைக்கிறது. பதக்கம் கிடைக்கிறது, பிரபுப் பட்டம் கிடைக்கிறது. சிப்போல்யே என்ற ஸ்லோவேனியக் கிராமத்துக் குடியானவர் பரம்பரை ஒரே நாளில் சீமான் வீடாகிறது.

சில வருடம் போக, மகனுடைய பள்ளி வாசிப்புப் புத்தகத்தைப் புரட்டுகிறான். அதில் தன்னுடைய கதை. ஆனால் குதிரையில் பாய்ந்து வந்தானாம், வாளைச் சுழற்றி எதிரிகளை விரட்டினானாம். அவனோ காலாட்படை. அன்றைக்குக் குதிரையே இல்லை. அந்தப் பொய்யை அவனால் தாங்க முடியவில்லை. மேலிடங்களுக்கு எழுதுகிறான், முறையிடுகிறான், கடைசியில் சக்கரவர்த்தியையே பார்க்கிறான். அவர் சொல்வதன் சாரம் இதுதான்: எங்கள் இரண்டு பேருக்கும் அது கெட்ட பெயர் இல்லையே, விட்டுவிடு. பாடம் பிறகு நீக்கப்படுகிறது. ஆனால் அவன் இராணுவத்தை விட்டு விலகுகிறான், மகனையும் படைக்குப் போக விடுவதில்லை.

அரசனைத் துதிக்க வந்தவர் இப்படித் தொடங்குவாரா? முதல் இருபது பக்கத்துக்குள்ளேயே அரசர் பொய்யின் பக்கம் நிற்கிறார். உண்மைக்காக மன்றாடுகிறவன் குடியானவன் பேரன்.

ரோத் இதையெல்லாம் சும்மா கற்பனையில் எழுதவில்லை. முதல் உலகப்போரில் லெப்டினன்ட்டாகப் போர்முனையில் நின்று, ரஷ்யர்களிடம் கைதியாகவும் இருந்தவர். பட்டறிந்த எழுத்து அது.

பெப்ரவரி 10

ஒன்று விட்டுப்போச்சு. கிழட்டுச் சக்கரவர்த்தி எல்லைப் பக்கம் படைப்பயிற்சி பார்க்க வருகிற அத்தியாயம். அணிவகுப்பைப் பார்வையிடும்போது அவருடைய மூக்கு நுனியில் ஒரு துளி நீர் திரள்கிறது. எல்லாரும் அந்தத் துளியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அது விழுந்து மீசைக்குள் மறைகிறது. நிற்கிறவர்களுக்கு மனம் லேசாகிறது.

அந்தத் துளியை எழுதத் துணிந்தவர் அரசனைத் தெய்வமாகப் பார்க்கவில்லை. ஒரு வயோதிபராகப் பார்த்திருக்கிறார். எனக்கு அந்த இடத்தில் என் பாட்டனார் ஞாபகம் வந்தது. சக்கரவர்த்தி என்ற நினைப்பே வரவில்லை.

பெப்ரவரி 12

மேலே, 9ஆம் திகதிக் குறிப்பின் கடைசிப் பந்தி முழுக்கப் பிழை. அழிக்காமல் விடுகிறேன், ஏனென்றால் பிழை வந்த வழி முக்கியமானது.

ரோத் லெப்டினன்ட்டாக இருந்ததே இல்லை. ரஷ்யர்களிடம் கைதியாகவும் இருக்கவில்லை. 1916இல் வியன்னாப் பல்கலைக்கழகப் படிப்பை விட்டுவிட்டு, யோசெப் விட்லின் என்ற நண்பரோடு போய்ப் படையில் சேர்ந்தார். பிறகு பேரரசின் கிழக்கு மாகாணமான கலீசியாவில் இராணுவப் பத்திரிகைப் பிரிவில் வேலை. அவ்வளவுதான். நான் எழுதியது பழைய பதிப்பொன்றின் பின்னட்டையில் வாசித்தது. அந்தப் பின்னட்டைக்கு அந்தக் கதை வந்த இடம் ரோத்தின் வாய்.

தன்னைப்பற்றி வாழ்நாள் முழுக்கப் பொய் சொன்னவர் அவர். பிறந்தது 1894 செப்டம்பர் 2, புரோடி என்ற ஊரில். ஒஸ்திரியப் பேரரசின் கிழக்கு விளிம்பு, அங்கால் ரஷ்யா. இப்போது உக்ரேனில் இருக்கிறது. ஊரில் பெரும்பாலானோர் யூதர். ஆனால் அவர் பக்கத்திலிருந்த ஜேர்மன் குடியேற்றக் கிராமம் ஒன்றைத்தான் பிறந்த ஊர் என்று சொல்லித் திரிந்தார். தகப்பன் பெயர் நாகும். தானிய வியாபாரத் தொழிலில் வெளியூர் போன இடத்தில் மனம் பேதலித்தவர், மகன் பிறந்ததைக்கூடப் பார்க்கவில்லை. மகன் அவரை ஒருநாளும் கண்டதில்லை. காணாத தகப்பனை ரோத் ஒருவருக்குப் போலிஷ் பிரபு என்றார், இன்னொருவருக்கு ரயில்வே அதிகாரி என்றார், மூன்றாமவருக்கு ஆயுதத் தொழிற்சாலைக்காரர் என்றார்.

தன்னைப்பற்றிய ஒரு சின்னப் பொய்யைக்கூடத் தாங்காத திரொத்தாவைப் படைத்தவர் இவர்தான். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகு, கடந்த மூன்று நாளாக எனக்கு இதே யோசனைதான்.

பெப்ரவரி 13

"பொய்யருடைய நாவலை எப்படி நம்புறது?" என்று கேட்டிருக்கிறீர்.

என்னுடைய வதிவிட அட்டையில் இருக்கிற பிறந்த திகதி என்னுடைய பிறந்த திகதி இல்லை. 1980களின் கடைசியில் பிரான்சுக்கு வந்தபோது கடவுச்சீட்டு ஏஜென்சிக்காரர் கையில் இருந்தது. அவர் சொன்ன திகதியைத்தான் முதல் மேசையில் சொன்னேன், பிறகு அதை மாற்ற வழி இல்லாமல் போனது. இன்றைக்கும் ஜனவரி முதலாம் திகதி பிள்ளைகளின் பிரெஞ்சுச் சிநேகிதர் எனக்கு வாழ்த்துச் சொல்வார்கள். வீட்டில் ஆவணியில் பாயாசம் காய்ச்சுவோம்.

1918இல் பேரரசு உடைந்தபோது புரோடி போலந்துக்குப் போனது. வியன்னாவில் இருந்த கலீசிய யூதர் புதிய ஒஸ்திரியாவின் குடியுரிமைக்கு, தாங்கள் ஜேர்மன் மொழிக்காரர் என்று காட்டவேண்டியிருந்தது. கிழக்கிலிருந்து வந்த யூதன் என்றால் அங்கே இருந்த ஏளனம் சொல்லி முடியாது. அந்த நிலையில் ஒருவர் பிறந்த ஊரை மாற்றிச் சொன்னால் நான் அவரைப் பொய்யர் என்ற ஒரு சொல்லில் அடைக்கமாட்டேன். பிரபு வீட்டுக் கதைக்கு வேறு விளக்கம் வேணும், ஒத்துக்கொள்கிறேன். ஊர்க் கதைக்கு வேண்டாம்.

பெப்ரவரி 21

அவருடைய தொழில்பற்றிக் கேட்டவருக்கு.

ரோத்தை உலகம் நாவலாசிரியராக வைத்திருக்கிறது. ஆனால் அவருக்குச் சோறு போட்டது பத்திரிகை. 1919இல் வியன்னாவில் ஒரு நாளிதழ். அது அடுத்த வருடமே மூடப்பட, பெர்லின். 1923இலிருந்து பிராங்பூர்ட்டர் சைட்டுங். ஜேர்மன் மொழியில் அந்தக் காலத்து மிக மதிப்பான பத்திரிகைகளில் ஒன்று. அதன் கலைப்பக்கத்தில் சின்னக் கட்டுரைகள்: ஹோட்டல் வாசல்காரர், ரயில் நிலையம், அகதிகள் தங்கும் விடுதி, பெயர் தெரியாமல் செத்தவர்களின் படங்களை ஒட்டி வைத்திருக்கும் பொலிஸ் நிலையம். ஆசிரியருக்கு எழுதிய கடிதமொன்றில், நான் சுவைக்குத் துணுக்கு எழுதவில்லை, காலத்தின் முகத்தை வரைகிறேன் என்ற பொருளில் எழுதியிருக்கிறார்.

அரசியல்? அப்போது இடதுசாரி. 'ரோத்' என்ற ஒலிக்கு ஜேர்மனில் சிவப்பு என்று பொருள். சிவப்பு யோசப் என்றே கட்டுரைகளுக்குக் கீழே கையெழுத்து வைத்திருக்கிறார். முதல் நாவல் சிலந்தி வலை, 1923 ஒக்ரோபரிலிருந்து வியன்னாவின் தொழிலாளர் பத்திரிகையில் தொடராக வந்தது. வலதுசாரி இரகசியக் கும்பல்களைப் பற்றிய கதை, ஹிட்லர் பெயரே அதில் இருக்கிறது. தொடர் முடிந்து இரண்டு மூன்று நாளில் மூனிக்கில் ஹிட்லரின் முதல் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தது.

1926இல் பத்திரிகை அவரைச் சோவியத் யூனியனுக்கு அனுப்பியது. அந்த டிசம்பரில் மொஸ்கோவில் சந்தித்த ஜேர்மன் சிந்தனையாளர் வால்டர் பென்யமின் தன் நாட்குறிப்பில் எழுதியது: ஏறக்குறைய போல்ஷெவிக்காக வந்தவர், முடியாட்சிக்காரராகத் திரும்புகிறார். கேட்க நன்றாக இருக்கும் வசனம்தான். ஆனால் அந்த மாற்றம் ஒரு பயணத்தில் முடிந்துவிடவில்லை. அதற்கான காரணம் பெர்லினிலும் கூடிக்கொண்டு வந்தது.

பிறகு எழுதுகிறேன், இரவு வேலை.

மார்ச் 2

சொன்னபடி. தம்பியின் முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்த உண்மையான பதில் இது.

1927இல் அலைந்து திரியும் யூதர்களைப் பற்றி ரோத் ஒரு சின்ன நூல் எழுதினார். அதில் ஓரிடத்தில், கடதாசிகளோடு போராடியே யூதனின் பாதி வாழ்க்கை வீணாகப் போகிறது என்கிறார். பிறப்புச் சான்று, இருப்பிடச் சான்று, விசா, முத்திரை. ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோர். நான் அந்த வரியை வாசித்தது ஒரு கந்தோரின் வெளிவரிசையில், விடியப்புறம் ஐந்து மணிக்கு, கையில் இலக்கத் துண்டோடு. அந்த வருடம் ஊரில் அப்பா செத்தார். பயண ஆவணம் வரவில்லை. முப்பத்தோராம் நாளும் போன பிறகுதான் வந்தது.

இதை வைத்துக்கொண்டு சக்கரவர்த்தியின் சிலை என்ற அவருடைய சிறுகதையைப் படியுங்கோ. 1930களின் நடுவில் எழுதியது. கலீசியக் கிராமமொன்றில் மோர்ஸ்டின் என்ற பிரபு. பேரரசு போய்விட்டது, கிராமம் போலந்தில் இருக்கிறது, அவரோ வாசலில் பழைய சக்கரவர்த்தியின் மார்பளவுச் சிலையை வைத்திருக்கிறார். அதிகாரி வந்து எடுக்கச் சொல்கிறார். அவர் சிலைக்குச் சவப்பெட்டி செய்விக்கிறார். கிராமமே கூடி இறுதி ஊர்வலம். கத்தோலிக்கப் பாதிரியார், கிரேக்க கத்தோலிக்கப் பாதிரியார், யூத றபாய், எல்லாரும் நடந்துபோய்ச் சிலையைப் புதைக்கிறார்கள்.

பிரபுவின் வாயில் ரோத் வைக்கிற கருத்து: பழைய முடியாட்சி பல கதவும் பல அறைகளும் உள்ள பெரிய வீடு, பல வகை மனிதருக்கும் அதில் இடம் இருந்தது. இப்போது அந்த வீட்டைப் பிரித்து உடைத்துவிட்டார்கள்.

ரோத் புதைத்தது அந்த வீட்டை. அரசர் அந்த வீட்டின் கூரை முகட்டில் இருந்த ஒரு உருவம், அவ்வளவுதான். 1918க்குப் பிறகு உருவான ஒவ்வொரு தேசமும் "எங்கள் இனமா, எங்கள் மொழியா?" என்று கேட்டபோது, புரோடியில் பிறந்து ஜேர்மனில் எழுதிய ஒரு யூதர் எந்தக் கதவால் உள்ளே போவது? அவருடைய இனத்துக்குத் தேசம் இல்லை. அவருக்கு முடிந்தது, இனம் கேட்காத ஒரு நாட்டைக் கடந்த காலத்தில் கட்டுவது.

மார்ச் 3

நேற்று எழுதியதை இன்று காலையில் வாசித்தேன். கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். அந்தப் பெரிய வீட்டில் எல்லா அறையும் ஒரே அளவில் இருக்கவில்லை. கலீசியா பேரரசின் மிக வறிய மாகாணங்களில் ஒன்று, பட்டினியால் இலட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறின இடம். இது ரோத்துக்குத் தெரியும். யோபு நாவலில் வருகிற மெண்டல் சிங்கர் என்ற ஏழை ஆசிரியர் கப்பல் ஏறுவது ரஷ்ய எல்லைக்கு அங்காலிருந்து என்றாலும், அந்தச் சேறும் அந்த வறுமையும் ரோத் சின்ன வயதில் கண்டவைதான். ஆகவே வீடு நல்ல வீடு என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்ததைக் கண்டவருக்கு அது வீடாகத் தெரிந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

மார்ச் 16

தமிழில் மொழிபெயர்க்க யாராவது முயன்றால் ஒரு யோசனை. முதல் திரொத்தாவின் மகன் பிரான்ஸ் வகிக்கும் பதவிக்கு ஆங்கிலத்தில் மாவட்டக் கப்டன் என்று போட்டிருக்கிறார்கள். அதை அப்படியே கொண்டுவந்தால் இராணுவக்காரர் என்று நினைப்பார்கள். அவர் சிவில் அதிகாரி. எங்களுக்கு அது ஜி.ஏ., அரசாங்க அதிபர். தமிழ்நாட்டு வாசகருக்குக் கலெக்டர். சொல்லைப் போட்டதும் ஆளே கண்முன் வந்துவிடுவார்.

அப்பா கச்சேரியில், அதாவது ஜி.ஏ.யின் கந்தோரில், கிளாக்கராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகூட வெள்ளை வேட்டியை அயன் பண்ணாமல் முற்றத்துக்கு இறங்கமாட்டார். ஒவ்வொரு கடிதத்துக்கும் இடப்பக்கம் நாலு விரல் விட்டுத்தான் எழுதுவார், எனக்கு எழுதுகிற கடிதத்துக்கும். கச்சேரி மூடிக் கிடந்த காலத்திலும் காலை எட்டு மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு கதிரையில் இருப்பாராம், தங்கச்சி எழுதினாள். நாவலில் ஞாயிறு மதியம் அவித்த மாட்டிறைச்சி மேசைக்கு வரும். ஜி.ஏ. திரொத்தா வேகமாக, ஒழுங்கு பிசகாமல் சாப்பிடுவார். வெளியே பாண்ட் வாத்தியம் ராடெட்ஸ்கி மார்ச் வாசிக்கும். அந்தக் காட்சியை வாசிக்கும்போது எனக்கு இறைச்சி வாசம் வரவில்லை. அயன் பெட்டியின் சிரட்டைக் கரி வாசம் வந்தது.

பிறகு கிழட்டு வேலைக்காரர் ஜாக் சாகிற இடம். ஜி.ஏ. கட்டிலருகில் இருக்கிறார். முப்பது நாற்பது வருடம் கூட இருந்த மனிதரோடு என்ன கதைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் அதை மூன்று முறை வாசித்தேன். அப்பாவின் கட்டிலருகில் நான் இருக்கவில்லை.

மார்ச் 17

அந்த இசை நாவலுக்காக வந்ததா என்று கேட்டவருக்கு: இல்லை, ராடெட்ஸ்கி மார்ச் என்ற இசை ரோத் பிறப்பதற்கு முன்பே இருந்தது. முதலாவது யோஹான் ஸ்ட்ரவுஸ் 1848இல் அமைத்தது, இத்தாலியக் கிளர்ச்சியை அடக்கிய தளபதி ராடெட்ஸ்கிக்காக. வியன்னாவின் புதுவருட இசைநிகழ்ச்சியில் கைதட்டிக் கேட்பார்களே, அதுதான். நாவல் 1932 ஏப்ரலிலிருந்து பிராங்பூர்ட்டர் சைட்டுங்கில் தொடராக வந்து, அதே வருடம் பெர்லினில் புத்தகமானது.

அடுத்த ஜனவரி 30ஆம் திகதி ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்தார். அன்றைக்கே ரோத் பெர்லினிலிருந்து ரயில் ஏறினார். திரும்பி வரவே இல்லை. அடுத்த மாதமே எழுத்தாள நண்பர் ஸ்டெபான் ஸ்வைக்குக்கு எழுதிய கடிதத்தில், பெரிய அழிவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோம், நரகம் ஆட்சி செய்கிறது என்கிறார். ஸ்வைக் உட்படப் பலர் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்த நேரம் அது. மே மாதம் புத்தகங்களை எரித்தார்கள்.

தம்பி, ஏமாந்த முடியாட்சிக்காரக் கிழவர் என்று நீர் நினைத்த மனிதர் 1923இலும் 1933இலும் மற்றவர்களுக்கு முன்பே சரியாகக் கண்டார். இதையும் கணக்கில் எடும்.

மார்ச் 30

எழுதாமல் தள்ளிப்போட்டது ஒன்று. ரோத்தின் மனைவி பிரீடில்.

பிரீடரிக்க றைக்லர், வியன்னாப் பெண், 1900இல் பிறந்தவர். 1922இல் கல்யாணம். ரோத்துக்கு வீடு என்று ஒன்று வேண்டாம், ஹோட்டல்தான் தாயகம் என்று எழுதியும் இருக்கிறார். நாலு கிழமை பாரிஸ், ஆறு கிழமை பிராங்பூர்ட், இரண்டு பெட்டி. அந்த அலைச்சலில் இளம் மனைவி ஹோட்டல் அறைகளில் தனித்திருந்தார். 1920களின் கடைசியில் மனநோய் வெளிப்பட்டது. சிகிச்சைக்கு மேல் சிகிச்சை, கடன், பிறகு வியன்னாவின் ஸ்டைன்ஹோப் மனநல நிலையம். ரோத் தன்னையே குற்றவாளியாகக் கருதினார், கடிதங்களில் அது தெரிகிறது. 1930இல் வந்த யோபு நாவலில் மெண்டல் சிங்கரின் மகள் மிரியம் நியூயோர்க்கில் மனம் பேதலிக்கிறாள். பிரீடில் நோயில் இருந்த காலத்தில் எழுதின பக்கங்கள் அவை.

1933க்குப் பிறகு அவர் பாரிஸில், மனைவி ஒஸ்திரியாவில். 1940 ஜூலையில் பிரீடிலை லின்ஸ் அருகே ஹார்ட்ஹைம் மாளிகைக்குக் கொண்டுபோனார்கள். மனநோயாளரையும் ஊனமுற்றோரையும் நாஸிகள் விஷவாயுவால் கொன்ற இடம். 1940இலும் 1941இலுமாக அங்கே 18,000க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். ரோத் அப்போது உயிரோடில்லை. தெரியாமலே போய்விட்டார்.

"கடதாசிகளோடு போராடியவர்" என்று மேலே எழுதினேன், பரிவோடு எழுதினேன். பரிவு இப்போதும் இருக்கிறது. ஆனால் அவர் பெட்டியைத் தூக்கின ஒவ்வொரு முறையும் இன்னொருவர் கூடத் தூக்கவேண்டி இருந்தது என்பதை அன்று யோசிக்கவில்லை. நானும் பத்து வருடம் இரவு வேலை என்று சொல்லி வீட்டில் இல்லாமல் இருந்தவன். இதற்குமேல் எழுத விருப்பமில்லை.

ஏப்ரல் 12

குடி.

ஓம், குடித்தார். எல்லை மீறிக் குடித்தார். ஸ்வைக் காசு அனுப்பினார், மன்றாடினார், கோபித்தார். ரோத் அவருக்கு எழுதிய பதிலொன்றின் கருத்து: குடி ஆயுளைக் குறைக்கும், ஆனால் உடனே சாவதைத் தடுக்கும். 1936 கோடையில் பெல்ஜியத்தின் ஒஸ்டெண்ட் கடற்கரையில் இருவரும் ஒன்றாக இருந்தார்கள், பக்கத்துப் பக்கத்து மேசையில் எழுதினார்கள். இர்ம்கார்ட் கொய்ன் என்ற எழுத்தாளர் ரோத்தைச் சந்தித்ததும் அங்கேதான். துக்கத்தினாலேயே எந்த நிமிடமும் செத்துவிடுவார் போலத் தோன்றியது என்று பிறகு நினைவுகூர்ந்தார். அவரும் ரோத்தோடு சேர்ந்து குடித்தார், எழுதினார், 1938 வரை கூட இருந்தார்.

நான் இதில் சொல்ல நினைப்பது எண்ணிக்கை ஒன்றுதான். நாடு இல்லை, ஜேர்மன் சந்தை இல்லை, அம்ஸ்டர்டாமில் புகலிட எழுத்தாளருக்கென்று இயங்கிய இரண்டு பதிப்பகங்களின் முன்பணத்தில் சீவியம், கால் வீங்கி நடக்க முடியாது. அந்த ஆறு வருடத்தில் ஏழெட்டுப் புத்தகம் எழுதினார். காலையில் கபேயில் இருந்தால் குடித்துக்கொண்டே நுணுக்கிய கையெழுத்தில் எழுதிக்கொண்டே போவாராம். நான் வேலை செய்த குசினிகளில் குடித்துச் சீரழிந்தவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன், எங்கள் ஆட்களும். அதை அழகாக்கி எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ரோத்தின் மேதைமை போத்தலிலிருந்து வந்தது என்றால் நம்பாதையுங்கோ. போத்தல் இருந்தும் வந்தது.

ஏப்ரல் 13

ரோத் தங்கிய ஹோட்டலைப் பற்றிக் கேட்டவருக்கு: பாரிஸில் செனட் சபைக்கு எதிரே, தூர்னோன் வீதி முனையில், ஹோட்டல் போயோ. வருடக்கணக்காக ரோத் அதில்தான். 1937இல் இடித்தார்கள். கடைசி விருந்தாளிகளில் ஒருவராக வெளியேறி, வீதிக்கு மறுபக்கத்தில் இருந்து, தன்னுடைய அறையின் சுவர் விழுவதைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். பேரரசு, பெர்லின், மனைவி, கடைசியில் ஹோட்டல் அறையும். பிறகு அதே வீதியில் 18ஆம் இலக்கம், கீழே கபே தூர்னோன், மேலே அறை. கபே இப்போதும் இருக்கிறது. சுவரில் அவருடைய பெயர்ப் பலகை இருக்கிறது. லக்சம்பூர்க் பூங்காவுக்குப் போகிறவர்கள் இரண்டு நிமிடம் நடந்தால் காணலாம்.

ஏப்ரல் 20

முடியாட்சிக்காக "ஓடித் திரிந்தது" நடந்ததுதான். 1938 பெப்ரவரி கடைசியில் வியன்னா போனார். அரச வாரிசு ஒட்டோவை ஆட்சிக்குக் கொண்டுவந்தால் ஹிட்லரைத் தடுக்கலாம் என்று சொல்லப் போனார். பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை. திரும்பிப் போய்விடுங்கள் என்று வியன்னாப் பொலிஸ் தலைவர் அறிவுரை சொன்னார். ரோத் திரும்பினார். மார்ச் 12ஆம் திகதி ஜேர்மன் படை உள்ளே வந்தது.

நடக்க முடியாத வேலை, தெரியும். ஆனால் அந்தக் கிழமையில் நடக்கக்கூடிய வேலை என்று யாரிடம் என்ன இருந்தது?

மே 27

இன்று ரோத் இறந்த நாள். பாரிஸுக்குப் பக்கத்தில், அவரைப் புதைத்த தியே மயானத்துக்குப் போய்வந்தேன், மகளோடு.

1939 மே மாதம், நண்பரான நாடக எழுத்தாளர் ஏர்ன்ஸ்ட் டொல்லர் நியூயோர்க்கில் தூக்கிட்டுக்கொண்டார் என்ற செய்தி கபேக்கு வந்தது. ரோத் அங்கேயே சரிந்தார். நெக்கர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். குடியைத் திடீரென்று நிறுத்தியதால் வந்த பிதற்றல், அதோடு நிமோனியா. கட்டிலில் கட்டி வைத்திருந்தார்கள். 27ஆம் திகதி போனார், 44 வயது. அதற்குச் சற்று முன்புதான் பரிசுத்த குடிகாரனின் கதையை எழுதி முடித்திருந்தார். சேன் நதிப் பாலத்துக்குக் கீழே படுக்கும் ஏழைக் குடிகாரன் அந்திரேயாஸுக்கு ஒரு கனவான் 200 பிராங் கொடுக்கிறார். கடனைத் திருப்பித் தர விரும்பினால் தேவாலயத்தில் சிலையாக இருக்கும் புனிதை சின்னத் தெரேசாவுக்குக் கொடு என்கிறார். அவன் ஒவ்வொரு ஞாயிறும் போகப் பார்க்கிறான், ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று குறுக்கே வருகிறது. எங்கள் எல்லாருக்கும் இவனுக்குக் கிடைத்த மாதிரி லேசான அழகான சாவைக் கடவுள் தரட்டும் என்று கதை முடிகிறது. எழுதியவருக்கு அது கிடைக்கவில்லை.

அடக்கத்தில் கத்தோலிக்கப் பாதிரியார், யூத நண்பர்கள், முடியாட்சிக்காரர், கம்யூனிஸ்டுகள். ஒட்டோவின் பெயரில் கறுப்பு மஞ்சள் நாடா கட்டின மலர்வளையம், கம்யூனிஸ்ட் எழுத்தாளர் எகோன் எர்வின் கிஷ் தரப்பின் சிவப்புப் பூக்கள். ஞானஸ்நானம் பெற்றதற்குச் சான்று கேட்டார்கள், ஒருவரிடமும் இல்லை. கடைசியிலும் ஒரு கடதாசி குறைவு.

நான் ரோத்தை அறிந்ததே இந்த மயானத்தில்தான், இதை இவ்வளவு நாளும் சொல்லவில்லை. 1990களில், என்னோடு பாத்திரம் கழுவிய மாலி நாட்டு நண்பர் ஒருவரை அங்கே புதைத்தோம். திரும்பும்போது வழி தவறிப் பல வரிசை நடந்தேன். ஒரு கல்லில் ஒஸ்திரிய எழுத்தாளர், பாரிஸில் புலம்பெயர்ந்த நிலையில் இறந்தவர் என்று பிரெஞ்சில் இருந்தது. பெயரை மெற்றோ ரிக்கட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். புலம்பெயர்ந்த என்று இப்போது மொழிபெயர்க்கிறேன். அந்தப் பிரெஞ்சுச் சொல்லில் துரத்தப்பட்டதும் இருக்கு, தங்கிவிட்டதும் இருக்கு. எங்கள் சொல்லில் நடை மட்டும் கேட்கிறது. மகள் வேறு சொல் கேட்டாள். பஸ் வரும்வரை யோசித்தோம், கிடைக்கவில்லை.

அதே மயானத்தில் கவிஞர் பவுல் செலானும் இருக்கிறார். அவர் பிறந்த செர்னோவிட்ஸும் அந்தப் பழைய பெரிய வீட்டின் ஒரு கிழக்கு அறை. அங்கேயும் போனோம்.

ஜூன் 4

தம்பி யோபு வாங்கிவிட்டாராம், பிறகு என்ன என்று கேட்கிறார். வரிசை என்னுடையது, வேறு ஆட்கள் வேறு சொல்லலாம். முதலில் சக்கரவர்த்தியின் சிலை. பிறகு யோபு. பிறகு ராடெட்ஸ்கி மார்ச்சைத் திரும்ப ஒருமுறை, இந்த முறை கடைசிப் பகுதியைக் கவனித்து: பேரன் கார்ல் யோசப் 1914இல் எப்படிச் சாகிறான் என்று பாரும். கையில் துவக்கு இல்லை. தாகத்தில் கிடக்கும் தன் சிப்பாய்களுக்கு இரண்டு வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு வரும்போது சுடுகிறார்கள். பாட்டன் பெயரைப் பாடப்புத்தகத்தில் போட்டார்கள். இவன் செத்த விதத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் போடமாட்டார்கள்.

குடிகாரனின் கதை கடைசியாக. சின்னப் புத்தகம், ஒரு பின்னேரம் காணும்.